நெருப்பு சுடாத பாதம்

பூக்குழியில் என் வீட்டுக்காரர் நடந்த நடையை எங்கள் தேயிலை எஸ்டேட்டே வாய்பிளந்து பார்த்தது. மற்றவர்கள் நாலே எட்டில் ஓடிக் கடந்தார்கள். இவர் பால் வாங்கக் கடைக்குப் போகிறவர் போல நிதானமாக நடந்தார். "ஆத்தாளே இவரு காலைத் தாங்கிக்கிட்டா" என்று பக்கத்து லயத்து வீட்டு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் பெருமைதான், பொய் சொல்வானேன்?

அது இரண்டு வருட நேர்த்திக்கடன். அவர் நூற்று நாற்பது கிலோ இருந்தவர். போடிமெட்டு வளைவுகளில் ஜீப்பைத் திருப்பினால் ஸ்டியரிங் வயிற்றில் இடிக்கும். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். வயிற்றைச் சுருக்கும் ஆபரேஷன்தான் ஒரே வழி என்று மதுரை ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். தியேட்டர் வாசலில் நின்று மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டவள் நான். தீயில் நடக்க வேண்டியவர் அவர்!

நல்லபடியாகத் திரும்பி வந்தார். ஒரே வருடத்தில் பாதி ஆளானார். முட்டிவலி போனது, பிரஷர் இறங்கியது. ஜீப் ஸ்டாண்டில் "புது மாப்பிள்ளை" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். ஊர்க்கண் பட்டுவிடுமே என்று வாரம் தவறாமல் சுற்றிப்போட்டேன்.

அப்புறம் செருப்பை எங்கெங்கோ விட்டுவிட்டு வரத் தொடங்கினார். ஒருநாள் ஒற்றைச் செருப்போடு வாசலில் வந்து நின்றார். "உடம்போட சேர்ந்து புத்தியும் இளைச்சுப் போச்சா?" என்று சிரித்தேன். சிரித்தேனே, பாவி!

பூக்குழி முடிந்து வீட்டுக்கு வந்து கால் கழுவ உட்கார்ந்தபோதுதான் பார்த்தேன். இரண்டு பாதமும் கொப்புளம். ஓரிடத்தில் தோல் உரிந்து தொங்கியது.

"ஐயோ, வலிக்கலையா உங்களுக்கு?"

அவரே குனிந்து பார்த்துத் திடுக்கிட்டார்.

மதுரைக்கே கூட்டிப் போனேன். "சத்து மாத்திரையும் ஊசியும் ஒழுங்கா எடுக்கிறீங்கதானே?" என்று டாக்டர் கேட்டார். இவர் என் முகத்தைப் பார்த்தார். ஒரு வருடத்துக்கு முன்பே நிறுத்திவிட்டாராம். "அதான் நல்லாயிட்டேனே சார்" என்றார். வயிற்றைச் சுருக்கிக்கொண்டவர்களுக்குச் சாப்பாட்டுச் சத்து முழுதாகச் சேராது, ஆயுசு முழுக்க மாத்திரை வேண்டும் என்று அன்றைக்கே சொல்லியிருந்தார்கள். சத்துக் குறைந்து கால் நரம்பு கெட்டிருந்தது. ஊசி போட்டால் உணர்ச்சி திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். அதுவரை வண்டியைத் தொடக்கூடாது என்றார் டாக்டர். ஜீப்பை விட்டால் இவருக்கு வேறு உலகமே கிடையாது.

தினமும் கொழுந்து பறித்துவிட்டு வந்து புண்ணுக்கு மருந்து போடுவேன். பிறகு பெருவிரலைக் கிள்ளி, "தெரியுதா?" என்பேன்.

"லேசாத் தெரியுதுட்டி."

அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் தெரிந்தது. அதற்கடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். நான் ஆத்தாளுக்கு மாவிளக்குக்கூட நேர்ந்துகொண்டேன். ஆனால் என் கை போகும் இடத்தை அவர் கண் முந்திக்கொண்டு பார்ப்பதைக் கவனித்தேன். ஒருநாள் கண்ணை மூடச் சொன்னேன்.

"இப்பத் தெரியுதா?"

"ம், இன்னைக்கு நல்லாவே தெரியுது."

என் கை இரண்டும் என் மடியில்தான் இருந்தன.

"யாரை ஏமாத்துதீங்க?" என்று கத்திவிட்டேன். "நான் தொடவே இல்லையே!"

அவர் கண்ணைத் திறக்கவில்லை. "நீ சந்தோஷப்படுதியேன்னுதான்..." என்றார். பிறகு மெதுவாக, "ஒண்ணுமே தெரியலட்டி. பயமா இருக்கு."

ஆபரேஷனுக்குப் படுத்த அன்றுகூட அவர் வாயில் வராத வார்த்தை அது. என் கோபமெல்லாம் எங்கே போனதோ! அந்தக் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதேன். கண்ணீர் அவர் பாதத்தில்தான் சொட்டியது. நான் அழுவதே அவருக்குத் தெரியவில்லை.