நீல மூடி

டைரக்டர் மேடம். அவருக்குப் பக்கத்தில் கொள்முதல் பார்க்கும் மராட்டியர். எதிரில் ஆராய்ச்சி மாணவி, வங்காளிப் பெண், அழுது முகம் வீங்கியிருந்தது. அவளுக்கு அடுத்து டாக்டர் சார். கதவோரம் நின்றபடி நான். மேஜை நடுவில் ஒரு பாட்டில் மூடி. நீல நிறம்.

நான் புனேயில் அந்த லேபில் அட்டெண்டர். தொண்ணூறுகளின் கடைசி. அப்பா கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலை வேலைக்காக வேலூர்ப் பக்கமிருந்து வந்தவர். எனக்கு எட்டாவதோடு படிப்பு முடிந்தது. லேபில் டி.என்.ஏ. துண்டு செய்யும் மெஷின் ஒன்று இருந்தது. மணி கோப்பதுபோல எழுத்து எழுத்தாகச் சேர்க்கும். நடுநடுவே ஒரு கரைப்பான் ஓடிக் கழுவும். அதில் துளி ஈரம் இருந்தாலும் கோப்பது பாதியில் நின்றுவிடும். அதனால் வெளிநாட்டிலிருந்து, சீல் வைத்த சின்ன பாட்டில்களில் வரவழைப்பார்கள். விலை அதிகம்.

டாக்டர் சார் கோயமுத்தூர்க்காரர். லேபுக்கு விஞ்ஞானியாக வந்ததுமே அந்தச் செலவைக் குறைக்கிறேன் என்றார். கசார்வாடியில் ஒரு கடையில் அதே கரைப்பான் பெரிய கேனில் மலிவாகக் கிடைத்தது. ஈரத்தை நாமே எடுத்துக்கொள்ளலாம் என்றார். ஈரம் உறிஞ்சும் சின்னக் குண்டுகளை ஓவனில் சுட்டு, ஆறவைத்து, பாட்டிலில் ஊற்றிய கரைப்பானில் போட்டு, நீல மூடியை இறுக்கி மூட வேண்டும். அது என் வேலை. கேன் வாங்க இருவருமாக டெம்போவில் போவோம். வழியெல்லாம் தமிழ்தான். "ஏனுங்ண்ணா, உங்க தமிழ்ல பாதி இந்தி, கால்வாசி மராட்டி, மிச்சம் பூரா 'இன்னா'ங்க" என்று சிரிப்பார். "இன்னா சார் பண்றது, கட்கில பொறந்துட்டோமே" என்பேன். வடா பாவில் பாதியைப் பிய்த்துக் கொடுப்பார். செலவு குறைந்தது. மேடம் அவரைப் பாராட்டினார். எனக்கும் பெருமையாக இருந்தது.

ஒரு மழைக்காலம். மாணவிக்கு அவசரம். "குண்டு சுட நேரமில்லீங்ண்ணா. பழசையே போட்டுருங்க" என்றார் சார். "ஈரம் இருக்குமே சார்" என்றேன். "நாஞ் சொல்றனில்லீங்க." போட்டேன். செய்த துண்டுகள் எல்லாம் பாதியில் நின்றன. விலை உயர்ந்த மருந்தும் வீண், அந்தப் பெண்ணின் உழைப்பும் வீண்.

அதற்குத்தான் அந்தக் கூட்டம். சார் சொல்லிவிடுவார் என்று நம்பி நின்றேன். அவர் மூடியைக் கையில் எடுத்தார். "டக்கன் டீக் ஸே பந்த் கியா தா க்யா தும்னே?" மூடியைச் சரியாக மூடினாயா என்று இந்தியில் கேட்டார். என்னிடம் அவர் பேசிய முதல் இந்தி. 'நீங்க' என்றே கூப்பிட்டவர் 'தும்', அதாவது 'நீ' என்றார். தமிழைவிட எனக்கு இந்தி நன்றாக வரும். ஆனாலும் அவர் கையிலிருந்த மூடியையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் மேடம் பக்கம் திரும்பி, நான் சரியாக மூடவில்லை என்பதுபோல இங்கிலீஷில் ஏதோ சொன்னார். மேடம் தலையாட்டினார். தமிழில் கேட்டிருந்தால் அவரால் அப்படிச் சொல்ல முடிந்திருக்காது என்று இன்றும் நினைக்கிறேன்.

வராந்தாவில் பின்னாலேயே வந்தார். "மனசுல வச்சுக்காதீங்ண்ணா. எனக்கு வேற வழி தெரியலீங்க." மறுபடி தமிழ். மாதக் கடைசியில் என்னை வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

இப்போது ஏரவாடாவில் தண்ணீர் கேன் போடுகிறேன். அந்த மூடிகளும் நீலம்தான். வேலை போய்ச் சில வருஷம் கழித்து ஒருநாள் கட்கி பஜாரில் சார் எதிரே வந்தார். "ஏனுங்ண்ணா, நல்லாருக்கீங்களா?"

"டீக் ஹை, சாப்" என்றேன், நல்லாயிருக்கேன் என்பதை இந்தியில். அவர் முகம் சுருங்கியது. நான் நடந்துவிட்டேன்.

அந்த அறையில் ஐந்து பேர் இருந்தோம். தமிழ் தெரிந்தவர்கள் இரண்டு பேர்.