பஞ்சுத் தூசி இன்னும் போகவில்லை

காலை பத்தே முக்காலுக்கு, பனியன் கம்பெனியில் என் பக்கத்து மெஷினில் இருந்த மகளுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. சிறு வயதிலிருந்தே வீசிங் உள்ளவள். கொரோனா காலம் முழுக்க முகக்கவசத்தோடு தைத்தாள். ஒருமுறைகூட இழுப்பு வரவில்லை. மருந்துதான் காரணம் என்று நினைத்திருந்தேன்.

கட்டுப்பாடு தளர்ந்ததும் எல்லோரும் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டார்கள்; மகள் மட்டும் விடவில்லை. அன்று காலை எங்களோடு தைக்கும் சரசு அக்கா, "ஏனுங்க அம்மிணி, ஊரை விட்டுப் போன கொரோனா உங்க புள்ளையத் தேடித்தான் வருதாக்கும்?" என்றதும் சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கூச்சமாகி, "கழட்டிரு கண்ணு" என்றேன். மெஷினைச் சுற்றிப் பறக்கும் பஞ்சுத் தூசி எங்கள் யார் கண்ணுக்கும் தெரிவதே இல்லை.

இன்ஹேலர் வீட்டில் இருந்தது. கம்பெனி வேனில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அவள் உதடு நீலமாகிவிட்டது. ஆக்சிஜன் வைத்து வெகுநேரம் கழித்துத்தான் "அம்மா" என்றாள்.

"மாஸ்க் கொரோனாவுக்கு மட்டும்னு யாருங்க சொன்னது?" என்று டாக்டர் கடிந்துகொண்டார்.

இப்போது இன்ஹேலர் என் பையிலேயே இருக்கிறது. தைக்கும்போது நாங்கள் இருவருமே முகக்கவசம் அணிகிறோம்.

அன்று ஆஸ்பத்திரிக்கு அவளைப் பார்க்கக் கடைசியாக வந்தவர் சரசு அக்கா. தலையெல்லாம் பஞ்சு. கட்டிலருகே நின்று மெதுவாகச் சொன்னார்: "நாளைக்கு நானும் போட்டுட்டு வர்றனுங்க அம்மிணி. அப்புறம் யாரு சிரிக்கறாங்கன்னு பாத்துக்கலாம்."