டிராம்பே கடற்கரையில் தேங்காயும் டீசல் பணமும்

இந்தப் பயணத்தில் பார்த்ததையும் கேட்டதையும் சாப்பிட்டதையும் கூட்டாமல் குறைக்காமல் எழுதப் போகிறேன். எனக்குப் புரியாததைப் புரியவில்லை என்றே எழுதுவேன்.

ஆகஸ்ட் பௌர்ணமியன்று மும்பையின் கோலி இன மீனவர்கள் கடலுக்குத் தேங்காய் விடுவார்கள். மழைக்கால மீன்பிடித் தடை முடிந்த பிறகும், தேங்காய் விடும்வரை சின்னப் படகுகள் கரையை விட்டு நகராது. மாட்டுங்காவில் என்னோடு ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மான்சியின் வீடு டிராம்பே கோலிவாடாவில், அதாவது கோலிகளின் குப்பத்தில், இருக்கிறது. "தேங்காய் பார்க்க வா. அதுக்கு முன்னாடி மீனவர் சங்கத்துல டீசல் மானியச் சண்டை. அதுவும் இலவசம்" என்று கூப்பிட்டாள். பொருளியல் பாடத்தில் மானியம் பற்றிப் படித்திருந்த எனக்கு ஆசை இரட்டிப்பானது.

தாராவியில் தோல் பைப் பட்டறை வைத்திருக்கும் என் சாச்சா, வாப்பாவின் தம்பி, துணைக்கு வந்தார். "ஏளா, மத்த பிள்ளைய எல்லாம் மால் பார்க்கப் போவுது. நீ மானியம் பார்க்கப் போறியா?" என்று வழியெல்லாம் கிண்டல். பகல் பன்னிரண்டுக்குத் தாராவியிலிருந்து கிளம்பினோம். செம்பூர் ஸ்டேஷன் வரை ஆட்டோ, சுமார் ஏழு கிலோமீட்டர், 120 ரூபாய். அங்கிருந்து டிராம்பேக்கு பஸ், இன்னொரு ஏழு கிலோமீட்டர், ஆளுக்கு 15 ரூபாய். ஜன்னல் சீட் கிடைத்தால் விடாதீர்கள். கடைசி நிறுத்தம் வரும் முன்பே கருவாட்டு வாசனை வந்துவிடும்.

மான்சியின் அம்மா வெல்லம் போட்ட தேங்காய்ச் சோறு கொடுத்தார். சாச்சா மூன்று தடவை வாங்கினார். மான்சியைப் போல நானும் அவரை ஆயீ என்றே கூப்பிட்டேன். (அங்கே எல்லாரும் பேசியது மராத்தி. நான் தமிழில் எழுதுகிறேன்.) அவர் பெயரில் ஒரு சின்னப் படகு இருக்கிறது. பெரிய விசைப்படகுகள் சின்னக் கண் (துளை) உள்ள வலையால் மீன் குஞ்சுகளையும் வாரிவிடுவதால், அவர் படகு பாதி நாள் வெறுமனே திரும்புகிறதாம். "படகை வாங்க ஆள் தயாரா இருக்கான். இன்னைக்கு என் தீர்மானத்தைச் சங்கம் ஒத்துக்கிட்டா வச்சுக்குவேன். இல்லேன்னா நாளைக்குக் கொடுத்துடுவேன்" என்றார். மான்சி தட்டைப் பார்த்தபடி இருந்தாள்.

மீன்பிடிப் படகு வாங்கும் டீசலின் வரியை அரசு திருப்பித் தருகிறது. நல்ல எண்ணம்தான். ஆனால் கணக்கு லிட்டரில் இருப்பதால், அதிகம் எரிப்பவருக்கே அதிகம் கிடைக்கிறது. அதே பணத்தை, பெரிய கண் வலை போடுகிறவர்களுக்கும் மீன் முட்டையிடும் காலத்தில் கரையில் நிற்கிறவர்களுக்கும் கொடுக்கச் சொல்லி அரசிடம் கேட்கலாம் என்பது ஆயீயின் தீர்மானம்.

மூன்று மணிக்குச் சங்கத்து அறை நிரம்பிவிட்டது. எதிர்த்து முதலில் எழுந்தவர் மான்சியின் பெரியப்பா. விசைப்படகு முதலாளி.

"லிட்டர் கணக்கு போனா என் படகு கரையில காயும். நீங்க வந்து தள்ளுவீங்களா?"

"பாவோஜி," என்றார் ஆயீ, கணவரின் அண்ணனை அழைக்கும் முறையில். "தேங்காய்க்குக் காத்திருக்காம தடை முடிஞ்ச அன்னைக்கே போனீங்களே, அந்த மீனை யாரு ஏலம் விட்டது?"

இந்தக் கரையில் பிடிப்பது ஆண்கள், ஏலம் விடுவது பெண்கள். பெண் கூடையைத் தொடாவிட்டால் அந்த மீனுக்கு விலையே இல்லை.

வாசலிலிருந்து அவர் மனைவி, மான்சியின் பெரியம்மாவின் குரல் வந்தது. "நான் விடலை! அத்தனையும் விரல் நீள வாவல் மீன் குஞ்சு. பச்சைப் பிள்ளைகளை விக்க மாட்டேன்னுட்டேன். மீன்தூள் ஆலை லாரியில கொட்டிட்டு வந்தாரு."

"இவ எனக்குப் பொண்டாட்டியா, இன்ஸ்பெக்டரா?"

"டீசலுக்கு அரசாங்கம் பணம் தருது, மீனை வீட்டுக்காரியே தொட மாட்டேங்கிறா. அப்ப யாருக்காகய்யா கடலுக்குப் போறே?" என்று பின்வரிசையில் ஒருவர் கேட்க, அறையே சிரித்தது. பெரியப்பாவும் சிரித்துவிட்டார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "என் படகை நம்பி எட்டு குடும்பம் இருக்கு. முதல்ல புது வலைக்குப் பணம் வரட்டும். அப்புறம் லிட்டரைக் கொஞ்சம் கொஞ்சமா குறைக்கட்டும்."

எனக்கு அது நியாயமாகத் தோன்றியது. ஆயீ அதையும் தீர்மானத்தில் சேர்த்துக்கொண்டார். எல்லாரும் கை தூக்கவில்லை, ஆனால் பாதிக்கு மேல் தூக்கினார்கள். பெரியப்பா வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் கடைசியாகத் தூக்கினார். மான்சி என் கையைக் கிள்ளியதில் சிவந்துவிட்டது.

பிறகு தங்கக் காகிதம் சுற்றிய தேங்காயோடு ஊர்வலம், மேளம், ஆட்டம்; இருட்டும் முன் தேங்காயைக் கடலில் விட்டார்கள். சாச்சா ஆடியதை வீட்டில் சொன்னால் நம்ப மாட்டார்கள், வீடியோ இருக்கிறது.

போக நினைப்பவர்களுக்கு: படித்துறை வழுக்கும், பிடிப்புள்ள ரப்பர் செருப்பு போடுங்கள். படம் எடுக்கும் முன் கேளுங்கள். உள்ளங்கையை விடச் சின்ன வாவலை எங்கே பார்த்தாலும் வாங்காதீர்கள்.

அரசு இதற்குச் சம்மதிக்குமா, எத்தனை நாள் ஆகும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. இதைச் சங்கத்து அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். சாச்சா வெளியே இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறார். ஆயீ பக்கத்தில் நின்று போனில் பேசுகிறார்: "இல்லைங்க, படகு விக்கிறதுக்கில்லை. ஆமா, நிச்சயமா." போனை இடுப்பில் செருகிக்கொண்டு என்னைப் பார்த்தார். "எழுந்திரு பொண்ணே. விடிஞ்சா படகு கடலுக்குப் போகணும்" என்று சொல்லி விளக்குகளை அணைத்துவிட்டார்.