சந்தனம் பூசிய கால்

அந்த ரோலரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அதன் நாற்றம்தான். லிந்துலைப் பக்கத்துத் தோட்டமொன்றின் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து அரைக்கும் அறையின் கடைசி மூலையில் அது பல வருடங்களாக ஓடாமல் நின்றது. வெள்ளைக்காரன் காலத்து இரும்பு. தடித்த மூன்று கால்கள், நடுவில் வட்ட மேசை, அதன் மேல் வாட்டிய கொழுந்தைப் போட்டு அழுத்தும் பெரிய தொட்டி. தொட்டிக்குள் கிழிந்த சாக்கு, உடைந்த கூடை, காலிப் பெயின்ட் டின் என்று கண்டதையும் எறிந்திருந்தார்கள். எலி ஒன்று அதற்குள் குட்டி போட்டுச் செத்து, சாக்கோடு சாக்காக ஒட்டிக் காய்ந்திருந்தது. அதையெல்லாம் அள்ளி வெளியே கொட்டியவள் நான். ஸ்டோரைக் கூட்டுவதும் கழுவுவதும் என் வேலை.

ஓடிக்கொண்டிருந்த இரண்டு ரோலர்களில் ஒன்று அடியோடு பழுதாகிப்போனபோதுதான் மூலையில் நின்றதைப் பற்றிப் பேச்சு வந்தது. புதிதாக ஒன்று வாங்குவதா, இதைத் திருத்தி ஓட்டுவதா என்று தோட்டத்தை நடத்தும் பெரிய தொரையின் ஆபீசில் ஒரு வாரம் பேசினார்கள். அட்டன் டவுனிலிருந்து இயந்திரம் திருத்தும் பிட்டர் ஒருவரை வரவழைத்தார்கள். அவர் சுற்றிச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தார். "கழட்டிப் பிரிச்சுப் போட்டு ஒவ்வொரு காலா பாக்கணுங்க. மூனு மாசமாவது எடுக்கும். அதுக்கு முடியாட்டி புதுசு வாங்குங்க. நடுவுல வேற வழி இல்ல" என்று சொல்லிவிட்டு, ஊற்றி வைத்த தேநீரைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

நடுவில் ஒரு வழியைக் கண்டுபிடித்தவர் எங்கள் டீமேக்கர் ஐயா. ஸ்டோர் முழுவதும் அவர் பொறுப்பு. அவர் கெட்டவர் என்று அன்றைக்குக் கேட்டிருந்தால் நானும் சொல்லியிருக்கமாட்டேன். மழை நாட்களில் எங்களை அடுப்பு அறையில் நின்று குளிர்காய விடுவார். உலர்ந்த தூளை ஒரு பிடி அள்ளி முகர்ந்தால் எந்த மலைக் கொழுந்து என்று சொல்லிவிடுவார். ஆனால் அவர் ஓய்வுபெறும் நாள் நெருங்கியிருந்தது. புதிய ரோலர் வாங்காமல் சமாளித்துக் கொடுத்தால் தொரை இன்னும் இரண்டு வருடம் வேலையில் வைத்துக்கொள்வார் என்று அவரே எல்லோரிடமும் சொல்லித் திரிந்தார். கழற்ற வேண்டியதில்லை, துருவைச் சுரண்டி, எண்ணெய் விட்டு, பெயின்ட் அடித்தால் போதும் என்றார்.

சுரண்டியது நானும் பக்கத்து லயத்து வீட்டு அக்காவும். பத்து நாள். கம்பிப் பிரஷும் மண்ணெண்ணெயும். துருத்தூள் மூக்கில் ஏறி, எச்சில் துப்பினால் செம்மண் நிறத்தில் விழும். "பொண்ணு பாக்க வாறவங்களுக்குக் கெழவிய குளிப்பாட்டி விட்ட மாதிரி இருக்குடி" என்று அக்கா சிரித்தாள். நானும் சிரித்தேன். ஏழாம் நாள் ஜன்னல் பக்கத்துக் காலைச் சுரண்டும்போது வெடிப்பைப் பார்த்தேன். முதலில் தலைமுடி ஒட்டியிருக்கிறது என்று நினைத்தேன். நகத்தை வைத்து இழுத்தால் நகம் உள்ளே இறங்கியது. காலைச் சுற்றிப் பாதி தூரம் போயிருந்தது.

டீமேக்கரிடம் போய்ச் சொன்னேன்.

"ஐயா, ஒரு கால்ல வெடிப்பு இருக்குங்க."

வந்து குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு அக்கா பக்கத்தில் இல்லையென்று உறுதிசெய்துகொண்டு, "அது வார்ப்புக் கோடு புள்ள, இரும்ப வார்க்கும்போதே விழுறது" என்றார். "இத வெளிய சொல்லிக்கிட்டுத் திரியாத. இது ஓடாட்டி ஸ்டோர மூடிட்டுக் கொழுந்த லொறியில ஏத்தி அடுத்த தோட்டத்துக்கு அனுப்பிருவாங்க. ஒன் தம்பிய இந்த ரோலருக்குத்தான் போடப்போறேன். மலையில தேயிலச் செடி கவ்வாத்து வெட்டி அட்டக் கடி வாங்குறவன் இனியாவது நெழல்ல நிக்கட்டுமே."

மறுநாள் அந்தக் கோட்டில் அவரே தன் கையால் பட்டி போட்டு அடைத்தார். அதன் மேல் பச்சைப் பெயின்ட். தம்பியோ புது வேலைக்கென்று சட்டை தைக்கக் கொடுத்திருந்தான். நான் அவனிடம் சொல்லவில்லை. படித்தவர் வார்ப்புக் கோடு என்கிறார், துடைப்பம் பிடிக்கிற எனக்கு என்ன தெரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். என் நகத்துக்குத் தெரியும்.

கொழும்பிலிருந்து கம்பெனி இன்ஜினியர் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் ஓட்டலாம். அவர் வரவேண்டிய வெள்ளிக்கிழமை காலையிலேயே டீமேக்கர் ரோதைமுனிக்குப் பூசை வைத்துவிட்டார். ரோதைமுனி எங்கள் ஸ்டோர்களில் ரோதை என்று நாங்கள் சொல்லும் இயந்திரங்களைக் காக்கும் சாமி. பூசை நாளில் பெண்கள் உள்ளே வரக்கூடாது என்பது வழக்கம். பத்து நாள் அந்த இரும்போடு கட்டிப் புரண்டபோது நாங்கள் பெண்கள் என்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அன்று வந்துவிட்டது. வாசலில் நின்று பார்த்தோம். மற்ற இரண்டு கால்களுக்கும் ஒரு விரல் சந்தனம், ஒரு குங்குமப் பொட்டு. ஜன்னல் பக்கத்துக் காலுக்கு மட்டும் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனத்தை அப்பி, மேலே பூமாலையும் கட்டினார். சாமிக்குப் பூசிய சந்தனம் தானாக உதிரும்வரை யாரும் தொடக்கூடாது. எங்கள் ஆட்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே இருந்தேன். செத்த எலியை அள்ளியபோதுகூட அப்படித் துடைக்கவில்லை.

இன்ஜினியர் சிங்களவர், மரியாதை தெரிந்தவர். வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றினார். சின்னச் சுத்தியலால் முதல் காலைத் தட்டிக் கேட்டார், இரண்டாவதைத் தட்டிக் கேட்டார். மூன்றாவதன் அருகே வந்ததும் சுத்தியலை இடது கைக்கு மாற்றிக்கொண்டு நெற்றிக்கு நேரே கையை உயர்த்திக் கும்பிட்டார். தொடவில்லை. போகும்போது வாசலில் நின்ற எங்களைப் பார்த்து, ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று சிங்களத்தில் கேட்டார். எனக்குச் சிங்களம் தெரியும். டீமேக்கர் அவர் தோளுக்குப் பின்னால் நின்று என்னையே பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். இன்ஜினியர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

ஆறு வாரம் ஓடியது. கொழுந்து அதிகமாக வந்த ஒரு நாள், தொட்டியை நிரப்பி அழுத்தத்தை ஏற்றியபோது, சந்தனத்துக்கு நேரே கால் முறிந்தது. மேசை சாய்ந்து தம்பியின் இடது பாதத்தின் மேல் இறங்கியது. பாதி பாதத்தை நுவரெலியா ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள்.

வாங்கலாமா என்று ஒரு வாரம் யோசித்தவர்கள் புதிய ரோலரை அந்த மாதமே வாங்கினார்கள். இன்ஜினியரின் கையெழுத்து இருந்ததால் டீமேக்கர் மேல் பழி வரவில்லை; அவருக்கும் அந்த இரண்டு வருடம் கிடைத்தது. சென்ற மாதம் அவர் இறந்தபோது, இயந்திரத்தைச் சாமியாக மதித்தவர் என்று மாலை போட்டவர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் பேசினார்கள். நானும் போயிருந்தேன். வாயில் ஊறிய எச்சிலை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தம்பி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது டீமேக்கர் தோடம்பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். "பொம்பளைங்க கைபட்ட ரோதைப்பா. முனி பொறுக்கல. ஒரு சேவல் நேந்துக்க" என்று அவன் கையைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் படியிறங்கிப் போனதும் தம்பி என் பக்கம் திரும்பினான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"அக்கா, நீ தீட்டோடயா அத சொரண்டுன?"

"தீட்டு இல்லடா. கால்ல வெடிப்பு இருந்துச்சு. பட்டி போட்டு மறைச்சிட்டாரு."

"யாரு பாத்தா?"

"நான்தான்."

"எப்ப?"

"பெயின்ட் அடிக்கிறதுக்கு முந்தி."

கட்டுப் போட்ட காலை அவன் போர்வைக்குள் இழுத்துக்கொண்டான். முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"சாமி குத்தமாவே இருந்திருக்கக் கூடாதா அக்கா" என்றான்.