போகாத ஆறு வாரம்

அடுத்த வீட்டுப் பெண் மீன் குஞ்சுகளை ஆராய்கிறவள். எட்டு வாரம் வெளிநாட்டு ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை பார்க்கப் போவதாகப் போன வாரம் வந்து சொன்னாள். அவள் பையைத் திறந்ததும் செத்த மீனைக் கெடாமல் வைக்கும் பார்மலின் வாசனை குப்பென்று அடித்தது.

"அனுமதி எத்தனை நாள்ல கெடச்சுது?" என்றேன்.

"பதினஞ்சே நாள் தாத்தா!"

வாழ்த்தி அனுப்பினேன். கதவைச் சாத்திய பிறகுதான் எரிச்சல் வந்தது. வாழ்த்தியது பொய்யில்லை, எரிச்சலும் பொய்யில்லை.

அந்த வாசனைக்குள்தான் இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்தைய திண்டிவனம் இருக்கிறது. மீன் இலாகாவில் நான் உதவியாளன். வாடகை அறைதான் ஆய்வுக்கூடம்; மைக்ராஸ்கோப் இருந்த மேசையிலேயே சாப்பாடு. சைக்கிளில் வானூர்ப் பக்கம் போய்க் கழுவெளி உப்பங்கழியில் மீன் குஞ்சு பிடிப்பேன். பிடிப்பேன் என்பது பெருமைக்குச் சொல்வது. பிடித்தவர் அந்தோணிசாமி. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அறுப்புக் காலத்தில் கூலிக்குப் போவார், மற்ற நாளில் என்னோடு இடுப்பளவு தண்ணீரில் நிற்பார். இலாகா கொடுத்த வலையில் குஞ்சு நசுங்குகிறது என்று மனைவியின் பழைய சேலையைக் கொண்டுவந்து ஏந்தினார். அதில் ஒன்றுகூட நசுங்கவில்லை.

தை மாதம் கடல்நீர் ஏறும்போது அதோடு ஒரு குஞ்சு வரும். கண்ணாடி போன்ற உடம்பில் இரண்டு கண்கள் மட்டும் கறுப்பாகத் தெரியும். தொட்டியில் விட்டு வளர்த்தால் மூன்றாம் நாள் செத்துவிடும்; பார்மலின் ஊற்றிய ஜாடியில் போட்டு வைப்பேன். அது வளர்ந்தால் என்ன மீன்? எந்தப் புத்தகத்திலும் இல்லை. படம் வரைந்து இங்கிலாந்தில் கடற்கரை ஆய்வுக்கூடம் ஒன்றுக்கு அனுப்பினேன். முப்பது வயதுக்கு உட்பட்டவர்களை ஆறு வாரம் அழைக்கிறோம், ஜாடிகளோடு வாருங்கள் என்று பதில் வந்தது. எனக்கு அப்போது இருபத்தேழு.

பாஸ்போர்ட்டுக்குப் பிறப்புச் சான்று வேண்டுமென்றார்கள். நான் பிறந்தது விழுப்புரத்தில். அங்கே குமாஸ்தா பதிவேட்டைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"இதுல பேரே இல்லீங்களே. ஆண் கொயந்தைன்னுதான் கீது. அது நீங்கதான்னு நான் எப்பிடிங்க எழுதறது?"

நானும் பெயர் தெரியாத குஞ்சாகிப் போனேன். சாட்சிகளைத் தேடி நாலு மாதம் ரயிலில் போய்வந்தேன். சான்று கிடைத்தபோது மேலதிகாரி, "குஞ்சு இங்கே இருக்கையில் அங்கே எதற்கு?" என்று கோப்பைத் திருப்பி அனுப்பினார். மறுபடி விளக்கம் எழுதினேன். ஆவணியில் அனுமதி வந்தது. கம்பளிக் கோட்டுக்கு அளவு கொடுத்துவிட்டு வந்த வாரமே யுத்தம் மூண்டது. எனக்கு இடமிருந்த கப்பல் ரத்தாகிவிட்டது.

"சண்ட முடிஞ்சா போலாங்க சார். குஞ்சு எங்க போயிடப் போவுது?" என்றார் அந்தோணிசாமி.

சண்டை முடிகிற வழியாக இல்லை. பார்மலின் தட்டுப்பாடு வந்து ஜாடிகள் ஒவ்வொன்றாக வற்றின. என்னைப் பட்டாளத்துக்குக் கருவாடு அனுப்பும் வேலையில் போட்டார்கள். நீங்களே சொல்லுங்கள், குஞ்சு ஆராய்ச்சியிலிருந்து கருவாட்டுக்கு வந்தவன் யாராவது உண்டா?

யுத்தம் ஓய்ந்ததும் அந்த ஆய்வுக்கூடத்துக்கு மறுபடி எழுதினேன். மிகவும் மரியாதையான பதில். அழைப்பு இளைஞர்களுக்கு மட்டுமாம். எனக்கு முப்பதைத் தாண்டி நாலு வருஷமாகிவிட்டதாம். அந்த ஆண் குழந்தை நான்தான் என்று நிரூபிக்க எத்தனை அலைந்தேன்! இப்போது அது நானில்லை என்று யாராவது எழுதிக் கொடுத்தால் தேவலை போலிருந்தது.

கழுவெளிக் கரையில் அந்தோணிசாமியிடம் சொன்னேன். சிரித்துவிட்டார்.

"குஞ்சைப் பாக்கறதுக்கு ஆளும் குஞ்சாத்தான் இருக்கணுமா சார்?"

"உங்களுக்கு எல்லாம் வெளையாட்டு. நஷ்டம் எனக்குத்தானே" என்று எரிந்து விழுந்தேன்.

சிரிப்பு நின்றது. சேலையைப் பிழிந்து தோளில் போட்டார்.

"நானுந்தான் சார் இத்தினி வருசமா தண்ணியில நின்னுக்கினு கீறேன். அது இன்னா மீனுன்னு எனக்குந் தெரிய வாணாமா?"

அவருக்கும் அது ஒரு கேள்வியாக இருக்கும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. அந்த வருஷமே என்னை வேறு ஊருக்கு மாற்றினார்கள்.

அந்தோணிசாமி போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. கடல்நீர் ஏறிவந்த வாய்க்கால் தூர்ந்து மேடாகக் கிடக்கிறது. தை மாதத்தில் இப்போது அங்கே ஒன்றும் வருவதில்லை. அது என்ன மீன் என்று எங்கள் இருவருக்குமே தெரியாமல் போயிற்று.