ஞாயிற்றுக்கிழமை அரிஷ்டம்

லஸ் முனையில் போக்குவரத்துப் போலீஸ்காரர் நிற்பதற்கு ஒரு வட்ட மேடையும் அதன்மேல் ஒரு பெரிய குடையும் இருந்த காலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்றரை மணிக்கு அந்தக் குடையில் நான் ஸ்கூட்டரைக் கொண்டுபோய் மோதினேன். போலீஸ்காரர் அப்போது மேடையில் இல்லை. எதிர்க்கடை நிழலில் சோடா குடித்துக்கொண்டிருந்தார். அதனால் அடிபட்டது குடைக்கு மட்டும்தான்.

அவர் சோடா பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நிதானமாகத்தான் வந்தார். என் வாயருகே மூக்கைக் கொண்டுவந்தார்.

"இன்னா சார் இது, பட்டப்பகல்ல?"

நான் மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது ஊரில் மதுவிலக்கு. குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் ஒரு குற்றம், குடித்ததே இன்னொரு குற்றம். குடிக்காவிட்டால் உடம்பு கெட்டுவிடும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தவர்களுக்கு மட்டும் சர்க்கார் பெர்மிட் கொடுத்தது. அடையாறில் இருந்த என் கல்லூரி நண்பனிடம் அந்தப் பெர்மிட் இருந்தது. எங்கள் வகுப்பிலேயே அவன் ஒருவன்தான் தினமும் காலையில் டென்னிஸ் ஆடுகிறவன். அவன் உடம்பு கெடாமல் இருப்பதற்காக வைத்திருந்த பிராந்தியில்தான் எனக்கும் இரண்டு பெக் ஊற்றினான். பெர்மிட் சரக்கைப் பிறத்தியாருக்குக் கொடுப்பதும் குற்றம். ஆகவே எங்கே குடித்தேன் என்று ஸ்டேஷனில் கேட்டபோது நான் வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறக்காமல் இருப்பதற்கு வேறு காரணமும் இருந்தது.

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். டியூட்டி டாக்டர் தரையில் இருந்த கல் இடுக்கைக் காட்டி அதன் மேலேயே நடக்கச் சொன்னார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு மூக்கைத் தொடச் சொன்னார். தொட்டேன். அதில் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் பெருமை உண்டு. அவர் எழுதிக் கொடுத்த சர்டிபிகேட்டின் சாரம் இது: இவர் மது அருந்தியிருக்கிறார், ஆனால் அதன் மயக்கத்தில் இல்லை. அதாவது வண்டி ஓட்டிய குற்றத்திலிருந்து அனேகமாகத் தப்பித்தேன். குடித்த குற்றத்தில் வசமாக மாட்டிக்கொண்டேன்.

நான் அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. மதுவிலக்குச் சட்டத்தில் தண்டனை என்று ஒரு வரி வந்துவிட்டால் மறுநாளே சீட்டைக் கிழித்துவிடுவார்கள். வீட்டில் மூன்று மாதக் குழந்தை. என் சம்பளத்தைத் தவிர வேறு ஒரு நயா பைசா வரும்படி கிடையாது.

ஜாமீன் எடுக்க என் அத்திம்பேர் வந்தார். பெரியப்பா பெண்ணின் கணவர். மாட வீதியில் வக்கீல். அதுவரை அவர் நடத்தியதெல்லாம் வீட்டுக்காரர் வாடகைக்காரர் வழக்குகள்தான். கிரிமினல் கோர்ட் எந்தத் திசையில் இருக்கிறது என்று அவருக்கே கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. ஆனால் எனக்கு அவரை விட்டால் நாதி இல்லை.

வீட்டுக்கு வந்து அவரேதான் என் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். நான் செருப்பைக் கழற்றுகிற வேலையை முடிந்த மட்டும் நீட்டிக்கொண்டிருந்தேன். அவள் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே கேட்டாள். என்னைப் பார்க்கவில்லை. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அத்திம்பேர் காபிக்காகக் காத்திருந்தபோது அலமாரியில் வரிசையாக நின்ற மூன்று பாட்டில்கள் அவர் கண்ணில் பட்டன.

"இது என்னம்மா?"

"தசமூலாரிஷ்டம் அண்ணா. பிரசவம் ஆனவா சாப்பிடணும்னு அம்மா குடுத்தனுப்பிச்சா. எனக்கு அந்த வாசனையே ஆகல. பிரிக்கவே இல்ல."

அத்திம்பேர் ஒரு பாட்டிலைப் பிரித்து மோந்து பார்த்தார். வாடகைக் கேஸில்கூட அவர் முகத்தில் அப்படி ஒரு களை வந்து நான் பார்த்ததில்லை.

"இது தானாப் புளிச்சு, சாராயச் சத்து ஏறின மருந்து. மருந்தைச் சட்டம் ஒண்ணும் பண்ணாது. வாயுவுக்கும் இதைக் குடுப்பா. இவனுக்கு வாயு. மத்தியானம் ஆத்துல இருந்த அரிஷ்டத்தை எடுத்துச் சாப்ட்டான். அவ்வளவுதான் கேஸ். நீ கோர்ட்ல வந்து அதைச் சொல்லணும்."

"எனக்குப் பொய் சொல்ல வராது அண்ணா."

"பொய்னு யாரு சொன்னா? அவனுக்கு வாயு உண்டோல்லியோ?"

"உண்டு."

"உங்காத்துல அரிஷ்டம் இருக்கோல்லியோ?"

"இருக்கு."

"ரெண்டையும் சேர்த்துச் சொல்லு."

அவள் காபி கலக்க உள்ளே போனாள். அவளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கேட்காமல் தாண்டிப் போய்விட்டால், கூட்டத்துக்கு நடுவில் கூப்பிட்டுக் காசைக் கொடுக்கிறவள். சில கண்டக்டர்கள் அதற்காக அவளை முறைத்ததுண்டு. இவளைச் சாட்சியாக வைத்துக்கொண்டு நான் ஜெயிப்பேன் என்று எனக்குக் கொஞ்சமும் நம்பிக்கை வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு, படுத்திருந்த என்னை எழுப்பினாள். கையில் அவுன்ஸ் கிளாஸ்.

"சாப்பிடுங்கோ."

"என்னது?"

"அரிஷ்டம். இவர் ஞாயித்துக்கிழமைன்னா அரிஷ்டம் சாப்பிடுவார்னு கோர்ட்ல சொல்லணும்னா, நீங்க சாப்பிடணும். இல்லாட்டா அது பொய்."

குடித்தேன். கஷாயத்தில் வெல்லத்தைப் போட்டு மறந்துவிட்ட மாதிரி இருந்தது. இரண்டு அவுன்ஸ். அடையாறில் குடித்த இரண்டு பெக்கும் ஏறக்குறைய அதே அளவுதான் என்பது என் நினைவுக்கு வந்தது.

அதற்குப் பிறகு சைதாப்பேட்டைக் கோர்ட்டும் வாய்தாக்களும். முதல் வாய்தா, மாஜிஸ்திரேட் லீவு. இரண்டாவது, போலீஸ்காரர் பங்குனி உற்சவத்துக்குப் பந்தோபஸ்து போய்விட்டார். மூன்றாவது, டாக்டருக்குச் சம்மன் போய்ச் சேரவில்லை. நான்காவதில் எல்லோரும் வந்தார்கள், எங்கள் கேஸின் முறை வருவதற்குள் கோர்ட் கலைந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் கோர்ட்டின் டவாலிச் சேவகன் என் பெயரை வாசலில் நின்று மூன்று தரம் கத்துவான். தெரிந்தவர்கள் யாராவது காதில் வாங்கிவிடுவார்களோ என்று மூன்றாவது கத்தலுக்குள் ஓடிப்போய் நிற்பேன். அலுவலகத்தில் பல் பிடுங்கப் போவதாகச் சொல்லி லீவு வாங்கிக்கொண்டிருந்தேன். நான்காவது தடவை சூப்பிரண்டெண்ட் மீதிப் பல்லை எண்ணிவிட என்னைச் சிரிக்க வைக்கப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை.

வாய்தா இழுக்க இழுக்க ஞாயிற்றுக்கிழமைகள் சேர்ந்தன. முதல் பாட்டில் காலியாகி இரண்டாவது நடந்துகொண்டிருந்தது. நாள் ஆக ஆக எங்கள் தரப்புச் சாட்சியம் உண்மையாகிக்கொண்டே வந்தது. வாயுவும் குறைந்துவிட்டது. அதை வெளியில் சொல்ல வேண்டாம் என்று அத்திம்பேர் கேட்டுக்கொண்டார்.

ஐந்தாவது வாய்தாவில் விசாரணை. போலீஸ்காரர் கூண்டில் ஏறினார்.

"சாரு வந்து கொடைய இட்ச்சாருங்கய்யா. எறங்கி, கொடையாண்ட கையெடுத்துக் கும்பிட்டு, மன்னிச்சுக்கோங்கன்னு சொன்னாரு. நான் பக்கத்துலயே நின்னுகினு கீறேன். என்னப் பாக்கவே இல்ல."

கோர்ட் சிரித்தது. இது எனக்கே புதிய செய்தி. அத்திம்பேர் எழுந்து, என் கட்சிக்காரர் சுபாவத்திலேயே மரியாதை உள்ளவர் என்றார். பிறகு பாட்டிலை மேஜைமேல் வைத்தார்.

மாஜிஸ்திரேட் மூக்குக் கண்ணாடியைத் தூக்கி லேபிளைப் படித்தார். "இது பிள்ளை பெத்தவங்க சாப்பிடறது இல்லையா?"

"ஆமாம் யுவர் ஆனர். வாயுவுக்கும் சாப்பிடலாம். வைத்தியரின் கடிதம் இணைத்திருக்கிறேன்."

"பிள்ளை யாருக்குப் பிறந்தது?"

"கட்சிக்காரரின் மனைவிக்கு."

"சரி" என்று குறித்துக்கொண்டார்.

என் மனைவி குழந்தையை, கூட வந்திருந்த அத்திம்பேரின் மனைவியிடம் கொடுத்துவிட்டுக் கூண்டில் ஏறினாள். கடவுள் அறியச் சொல்வதெல்லாம் உண்மை என்று அந்த வாசகத்தைச் சொன்னாள். எல்லோரும் அதைக் கடகடவென்று ஒப்பிப்பார்கள். அவள் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

இவர் அரிஷ்டம் சாப்பிடுவது உண்டா? "உண்டு. ஞாயித்துக்கிழமை மத்தியானம், மூணு மணிக்கு." குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. அத்தனையும் சத்தியம்.

அரசாங்கத் தரப்பு வக்கீல் எழுந்தார். "அது இருக்கட்டும்மா. அந்த ஞாயித்துக்கிழமை, கொடைய இடிச்ச அன்னிக்கு, வீட்டை விட்டுக் கிளம்பறதுக்கு முன்னாடி அரிஷ்டம் சாப்பிட்டாரா?"

அவள் எல்லா ஞாயிற்றுக்கிழமைகளையும் சரிக்கட்டி வைத்திருந்தாள். அந்த ஒன்றைத் தவிர.

திரும்பி என்னைப் பார்த்தாள். ஸ்டேஷனிலிருந்து வந்த நாளுக்குப் பிறகு அப்போதுதான் அவள் என்னை நேராகப் பார்த்தாள். தெரியாது என்று சொன்னால் போதும், என் வேலை போய்விடும். அவளை அங்கே கொண்டுபோய் நிறுத்திய என்மேல் எனக்கே ஆத்திரம் வந்தது. ஆனாலும் மனசு என்ன வேண்டிக்கொண்டது என்றால், ஆமாம் என்று சொல்லித் தொலையேன் என்றுதான். அதை மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

"ஆமாம்" என்றாள். பிறகு வக்கீல் பக்கம் திரும்பி, "ரெண்டு அவுன்ஸ்" என்றாள்.

சந்தேகத்தின் பலனை எனக்குக் கொடுத்து விடுதலை செய்தார்கள். குடைக்கு மட்டும் ஒரு சின்ன அபராதம். அத்திம்பேர் வெளியே வந்து, இனி கிரிமினலையும் கொஞ்சம் பார்க்கலாம்போல் இருக்கிறது என்றார்.

பஸ்ஸில் முன்பக்கம் பெண்கள் சீட்டில் அவளுக்கு இடம் கிடைத்தது. நான் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்டக்டர் அவளைத் தாண்டிப் போனான். அவள் கூப்பிடவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். நானே அவனை அழைத்து இரண்டு டிக்கெட் வாங்கினேன். இறங்கியதும் அதைச் சொன்னேன்.

"பாத்தேன்" என்றாள். "காசு கையிலதான் இருந்தது. இன்னிக்கு அவனைக் கூப்பிட எனக்கு யோக்கியதை இல்லேன்னு தோணித்து."

அந்தக் காசை என் கையில் கொடுத்துவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு அவுன்ஸ் கிளாஸ் வந்தது. கேஸ்தான் முடிந்துவிட்டதே என்றேன்.

"கோர்ட்டுக்கு முடிஞ்சுடுத்து" என்றாள்.

குடித்தேன். மூன்று பாட்டிலும் தீர்ந்தன. மாட வீதி நாட்டு மருந்துக் கடையில் புதிதாக வாங்கி வந்தாள். கடைக்காரர் குழந்தை பிறந்து எவ்வளவு நாள் ஆயிற்று என்று கேட்டிருக்கிறார். உண்மையைச் சொன்னாளாம், ஒரு வருஷம் ஆகிறது என்று.

பிறகு மதுவிலக்கையே எடுத்துவிட்டார்கள். ஊரெல்லாம் கடை திறந்தது. மனிதர்கள் பகிரங்கமாக வரிசையில் நின்றார்கள். அடையாறு நண்பன் வந்து, இனி பெர்மிட் ஒன்றும் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை தைரியமாக வா என்றான். ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேறு ஏற்பாடு இருக்கிறது என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிளாஸை வாங்கும்போது, இது எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். அவள் கோபமாகச் சொல்லவில்லை.

"அன்னிக்குச் சாப்ட்டார்னு சொல்லிட்டேனே. அந்த ஒரு ஞாயித்துக்கிழமை ஈடாகற வரைக்கும்."

அது எப்படி ஈடாகும் என்று நான் கேட்கவில்லை. குடித்துவிட்டுக் கிளாஸைக் கொடுத்தேன். அவள் அலம்பி அலமாரியில் கவிழ்த்து வைத்தாள்.