நாலாம் கவுண்டரின் ரோஜா சோப்பு

ரிப்போர்ட் அக்காவுக்கு வாய் நீளம் என்று கடையில் ஒரு பேச்சு உண்டு. அவளிடமே சொன்னால், "என் வாய் சரியாத்தான் இருக்கு, உங்க காதுதான் குட்டை" என்று அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பாள். அந்தப் பல்பொருள் கடையின் நாலாம் நம்பர் கவுண்டரில் பதினோரு வருஷம் நின்று பில் போட்டவள் அவள். மூன்றாம் கவுண்டர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாலும் ஜனங்கள் நாலாம் கவுண்டர் வரிசையில்தான் போய் நிற்பார்கள். அவ்வளவு வேகம். அடுத்த கவுண்டரில் கூடைச் சாமானை எடுத்து வைப்பதற்குள் இவள் பில்லைக் கிழித்துக் கையில் கொடுத்து, "அடுத்து வாங்க" என்றுவிடுவாள்.

எட்டு மாதத்துக்கு முன்னால்தான் அவள் கவுண்டரை விட்டு மாடி ஆபீசுக்குப் போனாள். ஆறு கிளைகளுக்கும் சேர்த்து முதலாளியின் மருமகன் ஒரு சாஃப்ட்வேர் வாங்கியிருந்தார். அவரை எல்லாரும் மாப்பிள்ளை சார் என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷமாகியும் அந்தப் பட்டம் மட்டும் போகவில்லை. பட்டப்படிப்பு படித்த இரண்டு பேர் அந்த சாஃப்ட்வேர் முன்னால் உட்கார்ந்து வண்ண வண்ணமாக வட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். லீவுச் சீட்டு கொடுக்க மாடிக்குப் போனவள் திரையை எட்டிப் பார்த்தாள்.

"செவ்வாய்க்கிழமை பாலுக்கு ஜனங்ககிட்ட ஆர்வம் கொறையுதுன்னு போட்டிருக்கீங்களே, யாரு சொன்னது? செவ்வாய்க்கிழமை பால் வண்டியே பத்து மணிக்குத்தான் வருது. இல்லாத பாலை எப்படி வாங்குவாங்க?"

அதை மாப்பிள்ளை சார் கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாளே அவளை மாடிக்கு மாற்றிவிட்டார்.

சாஃப்ட்வேர் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. மழை நாளில் மெழுகுவத்தியோடு என்ன போகிறது, சம்பள வாரத்தில் எந்த அலமாரி முதலில் காலியாகிறது, எல்லாவற்றையும் அது பிட்டுப்பிட்டு வைத்தது. தில்லுமுல்லுகளையும் பிடித்துக் கொடுத்தது. இரண்டாம் கிளையில் ஒருத்தன் ஒரே இஸ்திரிப் பெட்டியை நாலு தடவை திருப்பி வாங்கியதாக பில் போட்டு, அந்தப் பணத்தைச் சுருட்டியிருந்தான். அவனைக் கையும் களவுமாகப் பிடித்தது ரிப்போர்ட் அக்காதான். அதற்கப்புறம் அவளுக்குக் கொஞ்சம் தலைகால் புரியவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். "மனுஷன் பொய் சொல்லுவான், இது சொல்லாது" என்று கம்ப்யூட்டரைச் செல்லமாகத் தட்டிக் கொடுப்பாள்.

வினை அங்கேதான் வந்தது. சாஃப்ட்வேர் வந்த பிறகு முதன்முறையாக முழு ஸ்டாக்கையும் எண்ணினார்கள். கீழே இருந்த முதல் கிளையில் சோப்புக் கணக்கு உதைத்தது. ஒரே கம்பெனி, ஒரே விலை, நாலு வாசனை. அதில் எலுமிச்சை இருநூற்றுப் பதினாலும், மல்லிகை நூற்றெண்பத்து மூன்றும், கற்றாழை இருநூற்று நாற்பத்தொன்றும் குறைந்தன. மொத்தம் அறுநூற்று முப்பத்தெட்டு. இந்த மாதிரி சமயத்தில் சாஃப்ட்வேர் அந்தச் சரக்கோடு சம்பந்தப்பட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு சந்தேக மார்க் போடும். குடோன்காரருக்குத் தொண்ணூற்றிரண்டு போட்டது.

குடோன்காரரை எல்லாரும் பூட்டு அண்ணன் என்பார்கள். குடோனைப் பூட்டிவிட்டு, பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்க்காமல் நகர மாட்டார். பத்தொன்பது வருஷ வேலையில் அவர் லீவு போட்ட நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். சரக்கு குறைந்த எட்டு மாதமும் அவர் வேலையில் இருந்தார் என்று சாஃப்ட்வேர் கண்டுபிடித்தது. பின்னே, லீவே போடாத மனுஷன் வேறெங்கே இருப்பார்? அந்த யோசனை அப்போது அவளுக்கு வரவில்லை. அழகாக ரிப்போர்ட் அடித்து, அவர் பெயரைத் தடித்த எழுத்தில் போட்டு, மாப்பிள்ளை சாருக்கு அனுப்பிவிட்டாள்.

மறுநாள் காலையிலேயே வேலைநீக்கக் கடிதம் தயார். நாலு மணிக்கு ஆறு கிளை மேனேஜர்களும் கூடும் மீட்டிங்கில் இரண்டு அறிவிப்புகள் என்று மாப்பிள்ளை சார் சொல்லிவிட்டார். ஒன்று, பூட்டு அண்ணனை அனுப்புவது. இன்னொன்று, ரிப்போர்ட் அக்காவை ஆறு கிளைக்கும் தலைமை ஆய்வாளராக்குவது.

பதினோரு மணிக்குப் பூட்டு அண்ணன் மாடி ஏறி வந்தார். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"வாங்கண்ணே, உக்காருங்க."

"இருக்கட்டும் மேடம்."

அவளுக்குச் சுருக்கென்றது. கவுண்டரில் சேர்ந்த நாள் முதல் அவர் அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். 'மேடம்' என்றது இதுவே முதல் தடவை.

"அறுநூறு சோப்பைத் திருடி நான் என்ன மேடம் பண்ணப்போறேன்? ஊரையே குளிப்பாட்டவா?"

"நான் ஒண்ணும் சொல்லலண்ணே. கணக்கு சொல்லுது."

"சரி. கணக்கு இன்னொண்ணும் சொல்லுதான்னு பாருங்க. குடோன்ல ரோஜா சோப்பு கூரை வரைக்கும் நிக்குது. கால் வைக்க எடமில்ல. வாராவாரம் இன்னும் இன்னும் வந்து எறங்குது. அதைப் பத்தி உங்க மெஷின் ஏதாவது பேசுதா?"

அவ்வளவுதான். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

ரோஜாவைப் பற்றி மெஷின் பேசத்தான் செய்தது. ஜனங்கள் ரோஜா என்றால் உயிரை விடுகிறார்கள் என்று எட்டு மாதமாக அது சொல்லிக்கொண்டிருந்தது. அதை நம்பித்தான் மாப்பிள்ளை சார் கடை வாசலில் ரோஜா சோப்பை ஆள் உயரத்துக்குக் கோபுரம் போல அடுக்கி வைத்திருந்தார். அந்தக் கோபுரம் ஒரு இஞ்சுகூடக் குறையவில்லை என்பதை தினமும் அதைத் தாண்டி வரும் ரிப்போர்ட் அக்கா ஒரு நாளாவது கவனித்தாளா? இல்லை.

அவள் மிகுதிப் பக்கத்தைத் திறந்தாள். கணக்கைவிடக் கூடுதலாக இருக்கும் சரக்கெல்லாம் அதில் வரும். அந்தப் பக்கத்தை யாரும் திறப்பதில்லை. கூடுதலாக இருந்தால் யார் அழப்போகிறார்கள்? ரோஜா: அறுநூற்று முப்பத்தாறு கூடுதல்.

அறுநூற்று முப்பத்தெட்டு குறைவு. அறுநூற்று முப்பத்தாறு கூடுதல். எந்தத் திருடன் எலுமிச்சையை எடுத்துக்கொண்டு அந்த இடத்தில் ரோஜாவை வைத்துவிட்டுப் போவான்? அவள் மனசுக்குள் ஒரு பழைய ஞாபகம் தலைதூக்கியது. படியில் தடதடவென்று இறங்கி நாலாம் கவுண்டருக்கு ஓடினாள். பில் போடும் பெண் "என்னக்கா?" என்பதற்குள் குனிந்து மேஜைக்கு அடியில் கையை விட்டாள்.

இருந்தது. ரோஜா சோப்பின் உறையிலிருந்து வெட்டிய பார்கோடு. மேலே ஒட்டிய டேப் பழுத்துப் போயிருந்தது. உறையின் ஓரத்திலேயே நீல மையில் எழுத்து: 'எல்லா சோப்புக்கும் இதுதான். நம்பரை மட்டும் அடி.' அவளுடைய எழுத்து.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் ஒட்டியது. கற்றாழை உறை அடர் பச்சையில் பளபளக்கும். ஸ்கேனர் அதைப் படிக்க நாலு தரம் காட்ட வேண்டும். எலுமிச்சையும் மல்லிகையும் அப்படித்தான் மக்கர் பண்ணும். ரோஜாவின் உறை மட்டும் வெளிர் நிறம், தொட்டதும் 'பீப்' என்னும். நாலுக்கும் ஒரே விலை. அப்போதெல்லாம் ஸ்டாக் நோட்டில் 'சோப்பு' என்று ஒரே வரிதான், வாசனை எவனுக்கு வேண்டும்? யார் எந்த சோப்பைக் கொண்டு வந்தாலும் மேஜைக்கு அடியில் ஒரு 'பீப்', எத்தனை என்று நம்பர், முடிந்தது. அவள் வேகத்தின் ரகசியத்தில் பாதி இதுதான். கேட்டவர்களுக்கெல்லாம் பெருமையாகச் சொல்லியும் கொடுத்தாள். இப்போது குனிந்து பார்த்தால் ஐந்து கவுண்டரிலும் ஆளுக்கொரு ரோஜா ஒட்டியிருந்தது.

"நீங்க சொல்லிக் கொடுத்ததுதானேக்கா?" என்றாள் பில் போடும் பெண்.

"ஆமாம்மா. நான்தான்."

மேஜையிலிருந்து அந்த உறையை நகத்தால் சுரண்டி எடுத்துக்கொண்டு நேராக மாப்பிள்ளை சார் அறைக்குப் போனாள். அவர் எல்லாவற்றையும் கேட்டார். வாசல் கோபுரம் ஞாபகம் வந்ததோ என்னவோ, முகம் சிவந்தது. எழுந்து கதவைச் சாத்தினார்.

"இது வெளிய தெரிஞ்சா ஆறு மேனேஜரும் என்னைப் பாத்துச் சிரிப்பாங்க. நீ ஒண்ணு பண்ணு. அந்த ஒட்டினதையெல்லாம் சத்தமில்லாம கிழிச்சிடு. குடோன்காரரை அஞ்சாம் கிளைக்கு மாத்திடறேன். அவர் வேலையும் போகாது, உன் பதவியும் போகாது. யாருக்கு என்ன நஷ்டம்?"

கேட்க இனிப்பாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன், அவளுக்கு ஆசை வந்தது. பதினோரு வருஷம் கால் கடுக்க நின்றவளுக்கு 'தலைமை' என்ற வார்த்தை சும்மா கிடைத்ததா? வெளியே வந்து புருஷனுக்கு போன் போட்டாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். எங்கோ ஒரு கட்டடத்தில் லிஃப்டின் தலைமேல் நின்றுகொண்டு பேசினார்.

"பூட்டு அண்ணனுக்குத் திருட்டுப் பட்டம் அப்படியே நிக்கும், இல்ல?" என்றார் அவர்.

"நிக்கும்."

"அப்போ சொல்லிடு. நீ சொல்லாம வீட்டுக்கு வந்தா உன் மூஞ்சியை ராத்திரி பூரா பாக்கப்போறது நான்தானே? எனக்கு என்ன தலையெழுத்து?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

நாலு மணி மீட்டிங்கில் மாப்பிள்ளை சார் தொண்டையைக் கனைப்பதற்கு முன்னால் அவள் எழுந்துவிட்டாள். உறையை மேஜை நடுவில் வைத்தாள்.

"முதல் கிளையில சோப்பு திருடு போகல. வித்த சோப்பெல்லாம் ரோஜா பேர்ல பில் ஆகியிருக்கு. இந்த வழியைக் கண்டுபிடிச்சது நான். இதுல இருக்கற எழுத்தும் என்னோடதுதான். என் தப்பைப் பாக்காம, மிகுதிப் பக்கத்தைத் திறக்காம, ஒரு நல்ல மனுஷன் பேரைத் தடிச்ச எழுத்துல போட்டதும் நானேதான். அந்தக் கடிதத்தைக் கிழிச்சிடுங்க சார். உங்க கிளையிலயும் குனிஞ்சு பாருங்க, இதே ரோஜா ஒட்டியிருக்கும். நம்ம பொண்ணுங்க கிளை மாறும்போது வெறுங்கையோடவா வந்திருப்பாங்க?"

சிரிக்கப்போன மேனேஜர்கள் கடைசி வரியில் நிறுத்திக்கொண்டார்கள். இரண்டு பேர் அப்போதே போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்த் தங்கள் கடைக்குப் பேசினார்கள். திரும்பி வந்தபோது அவர்கள் முகத்திலும் ஈயாடவில்லை. கடிதம் கிழிபட்டது. பதவியைப் பற்றி அன்றைக்கு யாரும் மூச்சு விடவில்லை. அது நாலு மாதம் கழித்துத்தான் வந்தது. வேறு ஆள் தேடித் தேடிச் சலித்துப்போய் மாப்பிள்ளை சார் கொடுத்தார் என்பது அவள் கட்சி.

மீட்டிங் முடிந்ததும் அவள் குடோனுக்குப் போனாள். பூட்டு அண்ணன் ரோஜாப் பெட்டிகளை ஒரு பக்கமாக நகர்த்திக்கொண்டிருந்தார்.

"அண்ணே, தப்பு என்னோடது."

"தெரியும் மேடம்."

"தெரியுமா?"

"போன வாரம் எலிப்பொறி வைக்க நாலாம் கவுண்டருக்கு அடியில குனிஞ்சேன். 'சர்க்கரை மூணு மூட்டை அனுப்புங்க'ன்னு பதினோரு வருஷமா எனக்குச் சீட்டு வந்த எழுத்து. எனக்கு அடையாளம் தெரியாதா?"

"அப்போ காலையிலயே சொல்லியிருக்கலாமேண்ணே!"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?"

நம்பியிருக்க மாட்டாள். 'பழியை அடுத்தவர் மேல் போடப் பார்க்கிறார்' என்று ரிப்போர்ட்டில் இன்னொரு வரி சேர்த்திருப்பாள். அது அவளுக்கே தெரிந்தது.

"மெஷின் தொண்ணூத்திரண்டு மார்க் போட்டுச்சுன்னு நம்பிட்டீங்க. பதினோரு வருஷமா என்னைக் கண்ணால பாத்தீங்களே, அதுக்கு ஒரு மார்க்கும் இல்லையா?"

அவர் குரலை உயர்த்தவில்லை. அவள் நின்ற இடத்திலேயே அழுதாள். மன்னிச்சிடுங்க என்றாள், திரும்பவும் என்றாள். அவர் அடுத்த பெட்டியைத் தூக்கினார். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பெட்டியின் மறுமுனையைப் பிடித்தாள். ஒரு மணி நேரம் இரண்டு பேரும் சேர்ந்து ரோஜாவை அடுக்கினார்கள். குடோனில் நடக்க வழி கிடைத்தது.

"எல்லாம் நேராயிடுச்சு. ரெண்டு சோப்பு மட்டும் உதைக்குதுண்ணே" என்றாள் கடைசியில், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"அது எலி தின்னது. அதுக்கு எத்தனை மார்க் போடுவீங்களோ போடுங்க."

கடை சாத்தும் நேரமாயிற்று. வெளியே வந்து கதவை இழுத்து மூடிப் பூட்டினார். ஒரு முறை இழுத்துப் பார்த்தார். இரண்டாம் முறை இழுத்தார். அப்புறம் கையை எடுத்துவிட்டுத் தள்ளி நின்றார்.

"மூணாவது நீ இழுத்துப் பாரு தங்கச்சி."

அவள் இரண்டு கையாலும் பூட்டைப் பிடித்து இழுத்தாள்.

"சரியாத்தான் பூட்டியிருக்கீங்கண்ணே."